அத்தை கேட்ட சாக்கு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு நான் காரணம் இல்லை. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் கார் பேச்சு வந்தால் நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒன்பது வயதில் என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்கள், நான் அதைச் சொன்னது சொன்னபடி செய்தேன். அதற்கு மேல் ஒரு குழந்தை என்னதான் செய்யும்?

அப்போது நாங்கள் பெங்களூர் மர்பி டவுனில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று நாலு பேர். வீட்டுக்கு முன்னால் ஒரு கார் நிற்கிற இடம்தான் உண்டு. அங்கே அப்பா வாங்கிய பழைய வெள்ளைக் கார் நின்றது. தினமும் காலையில் அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் அப்பா காபியே குடிப்பார். "என் மூஞ்சியை ஒரு நாள் இப்படிப் பார்த்திருப்பாரா இந்த மனுஷன்" என்று அம்மா ஜன்னலிலிருந்து சொல்வாள். அப்பா காதில் விழாத மாதிரி கண்ணாடியைத் துடைப்பார்.

அத்தைக்கு அப்போது முப்பத்தொரு வயது. பொம்மசந்திராவில் மாத்திரை தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். மாத்திரைகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்துப் பார்த்து, சரியில்லை என்றால் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவதுதான் வேலை என்று எனக்குச் சொல்லியிருந்தாள். காலை ஆறே காலுக்குக் கம்பெனி பஸ் வரும். இருட்டில் தலையைப் பின்னிக்கொண்டே படி இறங்குவாள்.

அவளுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாம்பழக் கூழ் தயாரிக்கிற குடும்பம், வசதியானவர்கள், ஒரே பையன். பையனின் அம்மா ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம், வீட்டோடு இருந்தால் போதும். அப்பாவுக்கு இது பெரிய சலுகையாகப் பட்டது. அத்தைக்கு அப்படிப் படவில்லை. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டின்போது, "எனக்கு இது வேண்டாம்ணா, வேலையை விடச் சொல்றாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான்மா சொல்வாங்க" என்று அப்பா அவள் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார். அதே வாரத்தில் இன்னும் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் அம்மா, "வெக்கப்படறா" என்றாள்.

எனக்கு இது குழப்பமாக இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் இன்னொரு கரண்டி என்றுதான் அர்த்தம். விருந்தாளி வேண்டாம் என்பார், அம்மா ஊற்றுவாள், அவர் சாப்பிடுவார். அத்தையும் அந்த ரகமாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இனி காருக்கு வருகிறேன். முதல் தடவை பையன் வீட்டைப் பார்த்துவிட்டு வர அப்பாவும் அம்மாவும் கிருஷ்ணகிரிக்குப் போனபோது வழியில் கார் கொதித்துவிட்டது. முன்பக்கத்திலிருந்து புகை வந்து, நடுரோட்டில் நின்று, ஒரு மணிக்குச் சாப்பிட வரச் சொன்ன வீட்டுக்கு நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பையனின் அம்மா சகுனம் பார்க்கிறவர். அப்போது எதுவும் சொல்லவில்லை. ஆனால் நிச்சயத்துக்கு நாள் குறித்தபோது போனில் இரண்டு தடவை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் தட்டு மாற்ற வேண்டும், அதற்கு மேல் எமகண்டம், இந்தத் தடவையாவது நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று.

ஆக, அத்தையின் கல்யாணம் அந்த வெள்ளைக் காரின் ரேடியேட்டரில் வந்து நின்றது. மெக்கானிக்கிடம் விட்டால் திங்கட்கிழமைதான் தருவேன் என்றான். அப்பா சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தானே செய்வதென்று இறங்கினார். பழைய கூலண்டை இறக்கி, உள்ளே துருவெல்லாம் போகக் கழுவி, புதுசு ஊற்ற வேண்டும், அவ்வளவுதானே என்றார். ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடிக்கிற ஆள் அவர். நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு அங்கிள் துணைக்கு வந்தார். அவர் பஸ் டிப்போவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் கன்னடம், எங்களோடு பாதித் தமிழ், வாய் ஓயாது.

காலை ஏழு மணிக்கு இன்ஜின் ஆறியிருக்கும்போதே அங்கிள் ரேடியேட்டருக்கு அடியில் இருந்த திருகைத் திறந்தார். அம்மா துணி ஊறவைக்கிற பேசின் அங்கே இருந்தது. அதில் விழுந்ததைப் பார்த்து அங்கிள் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் சார், இது கூலண்ட் இல்ல, காபி டிகாக்‌ஷன். எத்தனை வர்ஷ ஆயித்து மாத்தி?" அப்பா வானத்தைப் பார்த்தார். பேசினைப் பார்த்த அம்மாவும் மாற்றுவதைப் பற்றித்தான் கேட்டாள், இதற்குப் பதில் புதுப் பேசின் எப்போது வரும் என்று.

எனக்கு இரண்டு வேலைகள் தரப்பட்டன. ஒன்று, கீழே இறங்குகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று சாக்கு. கழுவுகிற மருந்தைத் தண்ணீரோடு ஊற்றி, இன்ஜினை ஓட விட்டு, நிறுத்தி, மறுபடி இறக்க வேண்டும். அதற்கு மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது அந்த மூடியை வெறுங்கையால் தொட்டால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். அதனால் மேலே ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அழுத்தி, மெதுவாகத் திருப்ப வேண்டும். "நான் சாக்குன்னு கூப்பிட்ட உடனே ஓடி வந்து கையில கொடுக்கணும். லேட் பண்ணினே, அப்பா கை வெந்துடும்" என்று அப்பா சொன்னார். அப்பா கை வேகும் என்றதும் அரிசிச் சாக்கை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கன்னடத்தில் சாக்கு மாதிரியே ஒரு சொல் உண்டு. அதற்குப் போதும் என்று அர்த்தம். உச்சரிப்பில் கன்னடச் சொல் கொஞ்சம் குட்டை, தமிழ்ச் சொல் கொஞ்சம் அழுத்தம், அவ்வளவுதான் வித்தியாசம். இன்ஜின் சத்தத்தில் அந்த வித்தியாசமும் கிடையாது. பெங்களூரில் பிறந்த எனக்கு இரண்டும் தெரியும். தெரிந்ததுதான் கஷ்டம். அப்பா தண்ணீர் ஊற்ற, அங்கிள் "சாக்கு, சாக்கு" என்பார். போதும் என்கிறார். நான் சாக்கோடு ஓடுவேன். "நீ ஏன் வந்தே?" என்று அப்பா அதட்டுவார். அடுத்த தடவை அப்பாவே "சாக்கு" என்பார். போதும் என்கிறாராக்கும் என்று நான் சும்மா நிற்பேன். அதற்கும் திட்டு விழும். மூன்றாவது தடவை நான் பாதி தூரம் ஓடி நடுவில் நின்றுகொண்டேன்.

அங்கிளுக்கு ஒரே சிரிப்பு. "புட்டி, கோணின்னு ஒரு பேர் வெச்சுக்கோ, பிராப்ளமே இல்ல" என்றார். என்னை அவர் புட்டி என்றுதான் கூப்பிடுவார், கன்னடத்தில் சின்னப் பெண் என்று அர்த்தம். அப்பா கேட்கவில்லை. வாயில் வருவதுதான் வரும் என்றார். கடைசியில் அவர் சட்டம் போட்டார். "இங்கே பாரு. அங்கிள் சாக்குன்னா போதும்னு அர்த்தம். நான் சாக்குன்னா சாக்கு. புரிஞ்சுதா?" புரிந்தது. அதற்குப் பிறகு ஒரு தப்புகூட வரவில்லை. டிகாக்‌ஷன் டீயாகி, டீ வடித்த தண்ணீராகி, நாலாவது தடவை தண்ணீர் தண்ணீராகவே விழுந்தது. நான் கத்தி அறிவித்தேன். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார், கருப்புக் கையோடு.

இனிப் புதுசை ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. பச்சை நிறத்தில் ஒரு டப்பா கூலண்ட், பாட்டரிக் கடையிலிருந்து வாங்கிய சுத்தத் தண்ணீர், இரண்டையும் சரிபாதி கலந்து வைத்திருந்தார்கள். அங்கிள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே ஒரு விஷயம். "இன்ஜின் ஓடும்போது மூடி திறந்தே இருக்கணும். உள்ளே இருக்கிற காத்து குமிழியா மேல வரும். வர வர ஊத்தணும். குமிழி நிக்கற வரைக்கும் நிறுத்தக்கூடாது. காத்து உள்ளே நின்னா நாளைக்கு வண்டி கொதிக்கும், கேரண்ட்டி." இதைச் சொல்லி முடிக்கும்போது அவர் வீட்டம்மா "ஊட்டா" என்று சாப்பாட்டுக்குக் குரல் கொடுத்தார். மணி இரண்டாகியிருந்தது. பாவம், காலையிலிருந்து ஒரு டம்ளர் மோரோடு நின்றவர், சாப்பிடப் போய்விட்டார்.

அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பானெட் தூக்கியிருப்பதால் அங்கிருந்து எதுவும் தெரியாது. யார் ஊற்றுவது? அம்மா மாவுக்கையோடு வாசலுக்கு வந்து மறுபடி உள்ளே போனாள். அப்போதுதான் அத்தை வெளியே வந்தாள். காலையிலிருந்து அறையை விட்டு வராதவள். நிச்சயத்துக்கு வாங்கிய பட்டுப்புடவைக்குத் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, மேலே ஒரு பழைய துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். "நான் ஊத்தறேன்ணா. அங்கிள் சொன்னதெல்லாம் ஜன்னல்ல கேட்டுட்டுதான் இருந்தேன்" என்றாள்.

அப்பாவுக்குச் சந்தோஷம். தங்கை மனசு மாறிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பினார். அத்தை புனலை வைத்து ஊற்றினாள். அவள் ஊற்றுவதைப் பார்க்க அழகாக இருந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. பச்சைத் தண்ணீர் மேலே வரும், உள்ளேயிருந்து ஒரு குமிழி கிளம்பி உடையும், தண்ணீர் கீழே இறங்கும். மறுபடி ஊற்றுவாள். நான் சாக்கோடு அவள் இடுப்பளவில் நின்று எட்டிப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் ஊற்றுவதை நிறுத்தினாள். குமிழி நின்றுவிட்டதா என்று பார்த்தேன். நிற்கவில்லை. பெரிசாக ஒன்று வந்து உடைந்தது, இன்னொன்று வந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சோதனைக்கூடத்தில் இப்படித்தான் மாத்திரைகளைப் பார்ப்பாளோ என்னவோ. பிறகு ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருந்த, கூலண்ட் லெவலைக் காட்டுகிற சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, அதில் கோடு வரைக்கும் கவனமாக ஊற்றி மூடினாள். நிமிர்ந்து, சத்தமாக, "சாக்கு" என்றாள்.

அங்கிள் சொன்னால் போதும். அப்பா சொன்னால் சாக்கு. அத்தை சொன்னால் என்ன? சட்டத்தில் அத்தை இல்லையே. அவள் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அத்தை தமிழ்தானே, நம் வீடுதானே என்று நினைத்து சாக்கை நீட்டினேன். அதே நேரத்தில் அப்பா இன்ஜினை நிறுத்திவிட்டார். அத்தை என்னையும் என் கையில் இருந்த சாக்கையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அதை வாங்கி, மூடிமேல் போட்டு, நன்றாக இறுக்கித் திருகினாள்.

"கலந்து வெச்சதுல மிச்சம் இருக்கே" என்றார் அப்பா இறங்கி வந்து. "வழியில தேவைப்பட்டா ஊத்திக்கலாம்ணா" என்றாள். சாயந்தரம் அங்கிள் வந்து, லெவல் பார்த்தீர்களா என்று கேட்டார். அப்பா அவருக்கு அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டினார். கோட்டுக்குச் சரியாக இருந்தது. அங்கிள் திருப்தியாகப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் அத்தை, நான், நடுவில் பழத்தட்டுகள். அத்தை பட்டுப்புடவையில் சும்மா ஜொலித்தாள். எனக்கோ கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழைக் குடத்தோடு குடிக்கலாம் என்ற நினைப்பு. ஹோசூர் ரோட்டில் நெரிசல். பொம்மசந்திரா சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா திடீரென்று பேசுவதை நிறுத்தினார். சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டிருந்தது. ஓரம் கட்டுவதற்குள் முன்னால் புகை.

அப்பா கீழே இறங்கி நின்றார். அவர் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நேற்று முழுக்கக் குனிந்து வேலை செய்த மனுஷன். மிச்சக் கூலண்டும் அவசரத்தில் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. அம்மா இருந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். அத்தைதான் நிதானமாக இறங்கி, "எங்க கம்பெனி இதோ இருக்கு, தண்ணி கொண்டு வரேன்" என்று பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் நடந்தாள். திரும்பும்போது கூடவே காக்கிச் சட்டையில் ஒரு காவலாளி, இரண்டு கேன் தண்ணீரோடு வந்தார். எங்கள் அத்தையிடம் அவர் பேசும்போது குரல் பாதியாக இறங்கியது. அப்பாவிடம், "மேடம் அண்ணனா சார்? மேடம் கையெழுத்து இல்லாம எங்க கேட்டைத் தாண்டி ஒரு பெட்டி போகாது சார்" என்றார். அப்பா அத்தையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேனை வாங்கிக்கொண்டார்.

சூடு ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூடியைத் திறந்தால் மேலே காலி. அப்பா ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"குமிழி நிக்கறதுக்கு முன்னாடியே ஏன் போதும்னே?" என்று அத்தையைக் கேட்டார்.

"நான் எங்கண்ணா போதும்னு சொன்னேன்? சாக்கு கேட்டேன். நீதான் வண்டியை நிறுத்திட்டே. சரி, உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"சாக்கா கேட்டே?"

"இவளைக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான், "ஆமாம்ப்பா. அத்தை சாக்குதான் கேட்டாங்க. நான்தான் கொடுத்தேன்" என்றேன். சத்தியமாக உண்மை. அத்தை அதை வாங்கி உபயோகித்ததையும் சொன்னேன். அப்பா காரின் மேல் கையை ஊன்றிக் குனிந்துகொண்டார். "நான் போதும்னு நினைச்சுட்டேன். இந்த ஊர்ல இருந்து இருந்து என் காதே கன்னடமாயிடுச்சு" என்றார். அத்தைக்குக் கண் கலங்கியது. "விடுண்ணா, உன்மேல தப்பில்ல" என்று அவர் முதுகைத் தடவினாள்.

பதினொரு மணிக்கு மேலாகிவிட்டது. பஸ்ஸில் போகலாமா என்று நான் கேட்டேன். கல்யாணப் பெண்ணைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் இறக்குவதா என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா போன் செய்தார். பையனின் அம்மா கோபப்படவே இல்லை. போன தடவையும் வண்டி, இந்தத் தடவையும் வண்டி, அம்மனுக்கே இஷ்டம் இல்லை போலிருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று பதமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். அந்த இன்னொரு நாள் அப்புறம் வரவே இல்லை.

நாங்கள் ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர மூன்று மணியானது. அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். அம்மா பழங்களை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு யோசிக்க யோசிக்க எல்லாம் என்னால்தான் என்று தோன்றியது. சாக்கை நீட்டியபோதே, அப்பா, அத்தை சாக்கு கேட்கிறாங்க என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் அப்பா இன்ஜினை நிறுத்தியிருக்க மாட்டார். அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு நின்று ஒரு கல்யாணத்தையே கெடுத்துவிட்டேன். குமிழி நிற்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதையும் சொல்லவில்லை.

அறையில் அத்தை பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொள்கிற சுடிதார் கட்டில்மேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னேன். நான் கத்தாதது, குமிழியைப் பார்த்தது, எல்லாம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டும் இருந்தது.

"குமிழி விஷயத்தை யார்கிட்டயும் சொல்லாதே, கண்ணு" என்றாள்.

"சொல்லலே. ஆனா என்னாலதானே அத்தை?"

அவள் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "நீ ஒரு சாக்கு கொண்டு வந்து குடுத்தே பாரு, நல்ல சாக்குடி அது. நான் எவ்வளவு தேடியிருந்தாலும் எனக்கு அப்படி ஒண்ணு கிடைச்சிருக்காது."

ஆறுதலுக்குச் சொல்கிறாளா, நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று தெரியவில்லை. எழுந்து நேராக வாசலுக்குப் போனேன். காருக்கு அடியில் சாக்கு கிடந்தது. எடுத்து விரித்துப் பார்த்தேன். பழைய அரிசிச் சாக்கு, அடியில் இரண்டு ஓட்டை, ஒரு ஓரம் நைந்து நூல் தொங்கியது, பச்சைக் கறை வேறு. திருப்பிப் போட்டும் பார்த்தேன். இதில் அத்தை என்ன நல்லதைக் கண்டாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.